மூட்டுத் தேய்மானமும் கனிமநீர்க் குளியலும்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலையில் மேகம் இறங்கி, குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டது என்ற செய்தி வந்ததும் இராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வேன் கிளம்பும். வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசியைத் தொட்டுக் குற்றாலம் போய்ச் சேர இராஜபாளையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அந்த வேனில் முழங்கால் வலியால் அவதிப்படும் பெரியவர்கள் ஒருவராவது இருப்பார்கள். "அருவியில் பத்து நிமிடம் நின்றால் மூட்டுவலி இறங்கிவிடும்" என்பது நம் பகுதியில் தலைமுறைகளாகச் சொல்லப்படும் பேச்சு.

இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கனிமநீர்க் குளியல், ஸ்பா சிகிச்சை, வெந்நீர் ஊற்றுச் சுற்றுலா என்று கைப்பேசியில் விளம்பரங்கள் வருகின்றன. வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளைகள், பெற்றோரின் வலியைப் பார்க்கச் சகிக்காமல் எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்கிறார்கள். செலவு செய்யும் முன், இந்தக் குளியலால் என்ன நடக்கும், என்ன நடக்காது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

மூட்டுத் தேய்மானம் என்றால் என்ன?

எலும்புகள் சந்திக்கும் இடத்தில் வழவழப்பான குருத்தெலும்பு உறைபோல் மூடியிருக்கிறது. வயது, உடல் எடை, பழைய காயம், ஓயாத உழைப்பு, பரம்பரை ஆகிய காரணங்களால் இந்த உறை மெலிந்து சிதைகிறது. அருகிலுள்ள எலும்பு தடிக்கிறது; ஓரங்களில் முள் போல வளர்கிறது; மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் வலுவிழக்கின்றன. இதைத்தான் மருத்துவர்கள் 'ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ்' என்கிறார்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 52.8 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதிகம் பாதிக்கப்படுவது முழங்கால்தான். நோயாளிகளில் சுமார் 60 விழுக்காட்டினர் பெண்கள். இராஜபாளையத்தின் நூற்பாலைகளில் ஷிப்டு முழுவதும் நின்றே வேலை பார்த்தவர்கள், தறியில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்கள், குத்துக்காலிட்டு வீட்டு வேலை செய்த நம் தாய்மார்கள் என்று நம் தெருவிலேயே இதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து எழ முடியாமல் திணறும் பெரியவர்களைப் பள்ளிவாசலின் ஒவ்வொரு வரிசையிலும் காண்கிறோம்.

மூட்டுவலி எல்லாமே தேய்மானம் அல்ல. தேய்மானத்தில் காலை எழுந்ததும் இருக்கும் இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். நடந்தால் வலி கூடும், ஓய்வெடுத்தால் குறையும். இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கி, காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கான மருந்தே வேறு. காய்ச்சலோடு ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கினால் குளியலைப் பற்றியே யோசிக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குற்றாலம் கனிமநீர் ஸ்பாவா?

குற்றாலத்துக்குத் 'தென்னகத்தின் ஸ்பா' என்று நெடுங்காலமாகப் பெயர் உண்டு. 'ஸ்பா' என்பது பெல்ஜியம் நாட்டிலுள்ள ஓர் ஊரின் பெயர். கனிம ஊற்றுகளால் அந்த ஊர் புகழ்பெற்றதால், அதன் பெயரே இத்தகைய எல்லா ஊர்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

ஐரோப்பிய மருத்துவ மரபில் கனிமநீர் என்றால் பொதுவாக ஒரு லிட்டரில் குறைந்தது 1 கிராம் கனிமங்கள் கரைந்திருக்க வேண்டும். வெந்நீர் ஊற்று என்றால் இயற்கையாகவே 20 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் இருக்க வேண்டும். சோடியம், கால்சியம், மக்னீசியம், கந்தகம் ஆகியவை அந்த நீரில் வெவ்வேறு அளவுகளில் கலந்திருக்கும். பூமிக்கடியில் ஆழத்தில் பாறைகளுக்கிடையே நெடுங்காலம் தங்கி, சூடேறி, கனிமங்களைக் கரைத்துக்கொண்டு மேலே வரும் நீர் அது.

குற்றால நீரின் கதை வேறு. தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்து, சிற்றாறாக ஓடிவந்து, பாறையில் விழும் குளிர்ந்த நீர் அது. மூலிகைக் காடுகளின் வழியே வருவதால் மருத்துவக் குணம் உண்டு என்ற நம்பிக்கை பழையது. ஆனால் மருத்துவ ஆய்வுகள் பேசும் கனிமநீர்க் குளியலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இராஜபாளையத்துக்கு மேற்கே உள்ள அய்யனார் அருவியும், ஸ்ரீவில்லிபுத்தூரின் செண்பகத்தோப்பு ஓடைகளும் இதே வகைதான். போர்வெல் உப்புத் தண்ணீரை மோட்டார் போட்டுக் குளித்தாலும் ஸ்பா சிகிச்சை ஆகிவிடாது.

அப்படியானால் அருவியில் நின்றவர்களுக்கு வலி குறைந்தது பொய்யா? பொய் இல்லை. குளிர்ந்த நீர் சிறிது நேரம் வலி உணர்வை மரக்கச் செய்யும். வேகமாக விழும் நீர் தோள், முதுகுத் தசைகளைப் பிடித்துவிட்டது போலத் தளர்த்தும். வேலையை விட்டு, உறவுகளோடு இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருப்பதும் வலியைக் குறைக்கும். ஆனால் இந்த ஆறுதல் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். தேய்ந்த மூட்டில் அது எந்த மாற்றமும் செய்வதில்லை.

உண்மையான வெந்நீர் ஊற்றுகள் எங்கே?

நம் நாட்டில் 300க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் கணக்கெடுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை இமயமலைப் பகுதியிலும், மகாராஷ்டிரத்தின் கொங்கண் பகுதியிலும், பீகார், ஜார்கண்ட், மேற்கு வங்காளத்திலும் உள்ளன. இமாச்சலப் பிரதேசத்தின் மணிகரண், மேற்கு வங்காளத்தின் பக்ரேஷ்வர், மும்பைக்கு வடக்கே வஜ்ரேஷ்வரி ஆகியவை பெயர்பெற்றவை. மணிகரணில் ஊற்று நீர் கொதிநிலையை ஒட்டி இருப்பதால் அதில் அரிசியை வேகவைக்கிறார்கள். குளிப்பதற்குத் தண்ணீர் கலந்து ஆற்ற வேண்டும்.

பீகாரின் ராஜ்கிரில் உள்ள ஊற்றுகளில் ஒன்றுக்கு 'மக்தூம் குண்ட்' என்று பெயர். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மக்தூம் ஷர்ஃபுத்தீன் யஹ்யா மனேரி அவர்களின் பெயரால் அது வழங்கப்படுகிறது. தமிழர் வாழும் இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழும் அடுத்தடுத்து இருக்கின்றன; எல்லாச் சமயத்தாரும் அங்கே போகிறார்கள். சிங்கப்பூரில் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா புதுப்பிக்கப்பட்டு 2020இல் திறக்கப்பட்டது; அங்கே காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். துருக்கியின் புர்ஸா நகரில் உஸ்மானியர் காலத்து வெந்நீர்க் குளியலகங்கள் இன்றும் இயங்குகின்றன. இப்னு ஸீனாவும் தம் 'கானூன்' என்னும் மருத்துவ நூலில் குளியல்களைப் பற்றித் தனியே பேசியிருக்கிறார்.

இவற்றுள் பெரும்பாலானவை மக்கள் வந்து குளித்துவிட்டுப் போகும் இடங்கள். பிரான்ஸ், ஜெர்மனி, ஹங்கேரி போன்ற நாடுகளில் மருத்துவர் பரிசோதித்து, இத்தனை நாள், இவ்வளவு வெப்பம், இவ்வளவு நேரம் என்று எழுதிக் கொடுத்து நடத்தும் முறை வேறு. ஆய்வு முடிவுகள் அந்த முறையில் கிடைத்தவை. விளம்பரங்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

ஆய்வுகள் சொல்வது என்ன?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, தேய்மானத்துக்கான கனிமநீர்க் குளியலைப் பற்றி 2007இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. அதில் 7 ஆய்வுகள், 498 நோயாளிகள். எந்தச் சிகிச்சையும் பெறாதவர்களைவிடக் கனிமநீரில் குளித்தவர்களுக்கு வலி முதலானவை குறைந்திருந்தன. ஆனால் ஆய்வுகள் சிறியவை, அவற்றின் தரமும் போதாது என்று அதே மதிப்பாய்வு எச்சரித்தது.

2010இல் பிரான்ஸிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. முழங்கால் தேய்மானம் உள்ள 462 பேரை இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவினரும் வீட்டில் உடற்பயிற்சி செய்தார்கள். ஒரு பிரிவினர் கூடுதலாக 3 வாரங்களில் 18 நாள் ஸ்பா சிகிச்சை பெற்றார்கள். அதில் நீர்ப்பீய்ச்சு, பிடித்துவிடுதல், சூடான சேற்றுப் பூச்சு, குளத்தில் பயிற்சி எல்லாம் உண்டு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஸ்பா பிரிவில் சுமார் பாதிப் பேரும், பயிற்சி மட்டும் செய்த பிரிவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோரும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டிருந்தனர்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஸ்பாவால் பலன் இருந்தது உண்மை. அதே நேரத்தில், ஸ்பாவுக்கே போகாமல் வீட்டில் பயிற்சி செய்தவர்களிலும் மூவரில் ஒருவருக்கு மேல் நலம் பெற்றார்கள். மேலும், ஸ்பாவில் இத்தனை சிகிச்சைகள் ஒன்றாக நடக்கும்போது பலன் கனிமத்தால் வந்ததா, வெப்பத்தால் வந்ததா, பிடித்துவிட்டதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதைப் பிரித்தறிய ஹங்கேரியில் சில ஆய்வுகள் நடந்தன. ஒரே வெப்பத்தில் சூடாக்கிய குழாய்த் தண்ணீரையும் கனிமநீரையும் ஒப்பிட்டார்கள். சிலவற்றில் கனிமநீர் சற்று முந்தியது. ஆனால் குழாய்த் தண்ணீரில் குளித்தவர்களுக்கும் வலி குறைந்தது. கனிமங்கள் தோல் வழியே புகுந்து மூட்டைச் சரிசெய்கின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஊற்று நீரும் மீண்டும் வளர வைத்ததாக எந்த ஆய்வும் காட்டவில்லை.

தண்ணீர் எப்படி வேலை செய்கிறது?

முதலாவது, வெப்பம். 34 முதல் 38 டிகிரி வரையுள்ள நீரில் 15, 20 நிமிடம் இருக்கும்போது இரத்த ஓட்டம் கூடுகிறது, தசையின் இறுக்கம் தளர்கிறது, வலியை உணரும் அளவு குறைகிறது.

இரண்டாவது, மிதப்பு. இடுப்பளவு நீரில் நிற்பவரின் காலில் உடல் எடையில் ஏறத்தாழ பாதிதான் இறங்கும். நெஞ்சளவு நீரில் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கு. 80 கிலோ எடையுள்ள ஒருவர் நெஞ்சளவு நீரில் நடந்தால் அவர் கால் சுமப்பது 27 கிலோ அளவுதான். தரையில் நடக்க முடியாதவர் தண்ணீரில் நடப்பது இதனால்தான்.

மூன்றாவது, அசைவு. தண்ணீரில் செய்யும் உடற்பயிற்சியைப் பற்றிக் காக்ரேன் அமைப்பு 2016இல் வெளியிட்ட மதிப்பாய்வில் 13 ஆய்வுகளும் 1190 பேரும் இடம்பெற்றனர். பயிற்சி முடிந்த உடனே வலியும் இயலாமையும் ஓரளவு குறைந்திருந்தன. சாதாரண நீச்சல் குளத்துத் தண்ணீரே இதற்குப் போதும்.

வெப்பம், மிதப்பு, அசைவு ஆகிய மூன்றும்தான் பலனின் பெரும்பகுதி என்று தெரிந்துகொண்டால், ஊற்றைத் தேடி ஆயிரம் மைல் போகாமலே நம் வீட்டில் என்ன செய்யலாம் என்பதும் தெளிவாகும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

நம் வீடுகளில் குளியல் தொட்டி இருப்பது அரிது. பரவாயில்லை. வழுக்காத தரையில் உறுதியான பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வெதுவெதுப்பான நீரை இடுப்பிலிருந்து கால் வரை நிதானமாக ஊற்றலாம். அல்லது தடித்த துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து முழங்காலைச் சுற்றிக் கட்டி, ஆறியதும் மாற்றி, 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் வெந்நீர் வேண்டாம். குளிர்ந்த ஒத்தடமே நல்லது. எப்சம் உப்பு போட்டால்தான் பலன் என்பதில்லை.

ஒத்தடம் கொடுத்து மூட்டு தளர்ந்தவுடன் பயிற்சி செய்ய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, 5 வினாடி நிறுத்தி மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். தொடைத் தசை வலுப்பெற்றால் மூட்டின் சுமை குறையும். தொடக்கத்தில் லேசான வலி இருப்பது இயல்பு. சில வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். ஒத்தடத்தோடு நிறுத்திவிட்டால் ஆறுதல் அன்றோடு போய்விடும்.

எடையைக் குறைப்பது அடுத்தது. எடை கூடிய முழங்கால் நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்றில், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைவதாகக் கண்டார்கள். 5 கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடிக்கும் 20 கிலோ. பிரியாணியையும் பால்கோவாவையும் அடியோடு விடச் சொல்லவில்லை. விருந்து முடிந்த மறுநாளும் விருந்துச் சாப்பாடே தொடர வேண்டாம் என்கிறோம்.

இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2022இல் வெளியிட்ட பரிந்துரையிலும் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, நோயைப் பற்றிய தெளிவு ஆகியவையே முதலிடத்தில் உள்ளன. முழங்காலுக்கு முதலில் மேலே தடவும் வலிநிவாரணி, மாத்திரை தேவைப்பட்டால் குறைந்த அளவில் குறைந்த காலம் என்பது அதன் ஒழுங்கு.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

வெந்நீரில் இருக்கும்போது இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் திடீரென்று எழுந்தால் தலைசுற்றி விழலாம். இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், காய்ச்சலோ ஆறாத புண்ணோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வெந்நீர் ஊற்றில் இறங்கக் கூடாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நீரின் சூட்டை வீட்டில் வேறொருவர் முழங்கையால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பராமரிப்பில்லாத வெதுவெதுப்பான குளங்களில் மூக்கில் தண்ணீர் ஏறவிடக் கூடாது. 2024, 2025 ஆண்டுகளில் அண்டை மாநிலமான கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோய் பரவியதை நாம் செய்திகளில் படித்தோம்.

அருவிகளில் ஆபத்து வேறு வகை. பாசி படிந்த பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், மூட்டுவலிக்காகப் போனவர் படுக்கையோடு திரும்ப நேரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் இறந்ததை மறக்கக் கூடாது. தடை போட்டிருக்கும்போது பெரியவர்களை அழைத்துக்கொண்டு போக வேண்டாம். மூட்டு மாற்று அறுவை செய்தவர்களும் எலும்பு மெலிந்தவர்களும் நேரடியாக அருவிக்கு அடியில் நிற்க வேண்டாம். ஓரத்தில் உட்கார்ந்து கையால் அள்ளிக் குளித்தாலே போதும்.

பெண்களுக்கு இன்னொரு கவலை, மறைவு. குற்றாலம் பேரருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. எல்லா ஊற்றுகளிலும் அப்படி இல்லை. முன்பதிவு செய்யும்போதே பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பணியாளரும் உண்டா என்று கேட்டுவிட வேண்டும். அந்த வசதி இல்லாததால் நம் தாய்மார்கள் வலியைப் பொறுத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. மேலே சொன்ன ஒத்தடமும் பயிற்சியும் வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியவை.

செட் மாத்திரையும் காலதாமதமும்

நம் பகுதியில் குளியலைவிட அதிகம் கெடுதி செய்வது மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் 'செட் மாத்திரை'. அதில் பெரும்பாலும் வலிநிவாரணியும், சிலவற்றில் ஸ்டீராய்டும் இருக்கும். அன்று வலி பறந்துவிடும். மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு, சர்க்கரை ஏற்றம் என்று ஒவ்வொன்றாக வரும். ஊர் பேர் தெரியாத 'மூட்டுவலிப் பொடி'களும் இதே வகைதான்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. தேவைப்படுபவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் அதில் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு வலி, வீட்டுக்குள் நடக்கவே ஊன்றுகோல் என்ற நிலை வந்துவிட்டால் எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். 2022இல் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும், மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் உள்ளன. மூட்டு மாற்று அறுவை தேவை என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் விசாரிக்கலாம்.

மார்க்கம் தரும் எளிமை

நபி அய்யூப் (அலை) அவர்களின் நோய் நீங்கிய வரலாற்றில் குளிர்ந்த நீரில் குளிப்பதும் அருந்துவதும் திருக்குர்ஆனில் (38:42) வருவதை நாம் அறிவோம். அது அல்லாஹ் தன் தூதருக்குச் செய்த தனி அருள். அதைக் காட்டி ஏதோ ஓர் ஊற்றுக்கோ விடுதிக்கோ விளம்பரம் செய்வது முறையல்ல.

முழங்கால் மடங்காதவர் உட்கார்ந்து தொழுவதற்கு மார்க்கம் இடமளித்திருக்கிறது. நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் பதிவாகியிருக்கிறது. "நாற்காலியில் தொழுவதா?" என்று கூச்சப்பட்டு மூட்டை மேலும் வருத்திக்கொள்ளும் பெரியவர்களுக்கும், அவர்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கும் இதை நினைவூட்டுகிறோம்.

ஆகவே சீசனுக்குக் குற்றாலம் போங்கள். குடும்பத்தோடு மகிழ்ச்சியாகக் குளித்துவிட்டு வாருங்கள். வசதி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வெந்நீர் ஊற்றுக்கும் போகலாம். ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவும் வேண்டாம், நகையை அடகு வைக்கவும் வேண்டாம். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஸ்பாவுக்குப் பணம் அனுப்பும் முன், தினமும் ஒருமுறை வீடியோ காலில் "அம்மா, இன்னைக்குக் கால் பயிற்சி செஞ்சீங்களா?" என்று கேளுங்கள். அருகில் இருக்கும் பிள்ளைகள் அத்தாவுக்கு ஒரு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கூடவே உட்கார்ந்து அந்தப் பத்து முறையையும் எண்ணுங்கள். இன்ஷா அல்லாஹ், சில வாரங்களில் மாற்றம் தெரியும்.